கொண்டெய்னர் அண்ணையின் பிரேக் பல்ப்

கசெற்றை உள்ளே தள்ளுவார். பொத்தானை அழுத்துவார். குரல் சரியாக வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கொஞ்சம் கேட்பார். வந்தவுடன் எழும்பி, "நான் உதில நிக்கிறன்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுவார். கதவையும் மெல்லச் சாத்திவிடுவார்.

அது அவருடைய அறை. அவருடைய கட்டில், அவருடைய ஒரேயொரு கதிரை. நாங்கள் உள்ளே இருப்போம், அவர் வெளியே நிற்பார்.

டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில், ரெயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு பழைய மாடிவீட்டில் அகதிகளாக வந்த நாங்கள் சில ஆண்கள் அப்போது ஒன்றாக இருந்தோம். எல்லோரும் கலியாணம் முடித்தவர்கள். எல்லோருடைய குடும்பமும் ஊரில். மேல்மாடியில் ஒடுக்கமான ஒரு நடை இருந்தது. அதில்தான் எங்கள் குளிர்க் கோட்டுகளையெல்லாம் கொழுவியிருப்போம், சப்பாத்துகளைக் கழற்றி வைப்போம். ஹீட்டர் இல்லாத இடம் அது. அந்தக் குளிரில், சப்பாத்தில்லாமல் கால் மேஸோடு, கோட்டுகளைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பார்.

ஊரிலிருந்து கசெற் வருவது அந்த நாளில் பெரிய காரியம். கொழும்புக்குப் போகிற யாரையாவது பிடித்து, அவர் கையில் கொடுத்து, அங்கிருந்து தபாலில் போட்டு, அது எங்களிடம் வந்து சேர்வதற்குள் அதில் சொன்ன சேதி பழசாகிவிடும். ஆனாலும் குரல் பழசாகாது. ஒரு பக்கம் மனைவி கதைப்பாள், மறுபக்கம் பிள்ளைகள் பாடுவார்கள். இடையில் எங்கோ ஒரு கோழி கொக்கரிக்கும், தூரத்தில் ஷெல் விழும் சத்தமும் கேட்கும். அதைக் கேட்டால் யாருக்கும் அழுகை வரும். கலியாணம் முடித்த ஆம்பிளை இன்னொரு ஆம்பிளைக்கு முன்னால் அழுவது எவ்வளவு வெட்கம்.

ஒருநாள் என் கசெற் முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் அண்ணை குளிருக்கை நிக்கிறியள்? உள்ளுக்கு இருந்திருக்கலாமே" என்றேன்.

"உங்கட மனிசி உங்களோட கதைக்கிறா. எனக்கு அங்க என்ன அலுவல்?" என்றார்.

நானும் அவரை அண்ணை என்பேன், அவரும் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்று இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. அவர் யாழ்ப்பாணத்துச் சைவம். நான் மன்னார்ப் பக்கம், வேதக்காரன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் இந்த மனிதரைப் பற்றி எழுதாமல் விட்டால் என் மனம் ஆறாது.

வீட்டில் முதலில் பொதுவாக ஒரு ரேப் ரெக்கோடர் இருந்தது. பற்றரியில் ஓடுவது. பற்றரி இறங்கினால் மனைவியின் குரல் ஆம்பிளைக் குரலாக மாறிவிடும். சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. அதைவிட மோசம், அது நாடாவைத் தின்னும். எங்களோடு ஒரு பருத்தித்துறைக்காரர் இருந்தார், எந்நேரமும் பகிடி விடுகிறவர். அவருடைய தாயார் பேசிய கசெற்றை அது ஒருநாள் சப்பிவிட்டது. நாடாவைப் பென்சிலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. அன்றைக்கு அந்த மனிதர் சாப்பிடவில்லை. பகிடியும் இல்லை. வீடு முழுக்கச் செத்தவீடு மாதிரிக் கிடந்தது.

மறுநாள் காலையில் இந்த அண்ணை சொன்னார். "கார் ரேப் தின்னாது அண்ணை. நல்ல பல்லு அதுக்கு. கார் ரேப் ஒண்டு எடுத்தா, அதுக்குப் பன்னிரண்டு வோல்ற் எங்கயாவது பிடிக்கலாம்."

பிறகுதான் எனக்குச் சீவன் போகத் தொடங்கியது. ஏனென்றால் அவருக்குத் துணையாகச் சைக்கிளில் போகிறவன் நான்.

வீட்டைத் திருத்துகிறவர்கள், கடையை மூடுகிறவர்கள் வீதியோரத்தில் பெரிய கொண்டெய்னர் வைத்து வேண்டாததை எல்லாம் அதற்குள் எறிவார்கள். அவருக்கு அதைக் கண்டால் கால் நகராது. சைக்கிளைச் சாத்திவிட்டு விளிம்பில் வயிறு வைத்துத் தலைகீழாகத் தொங்குவார். நான் வீதியின் மறுபக்கம் நின்று, அவரைத் தெரியாதவன் மாதிரி ஒரு கடைக் கண்ணாடியைப் பார்ப்பேன். ஒருமுறை பார்த்துக்கொண்டே நின்றபிறகுதான் தெரிந்தது அது பெண்களின் உள்ளாடைக் கடை என்று. கடைக்குள் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாதாவே, அந்த வெட்கத்தை என்னவென்று சொல்வது.

அவர் மற்றவர்களைப் போல் சும்மா எடுக்கவும் மாட்டார். போய்க் கதவைத் தட்டுவார். அன்றைக்கும் ஒரு அலுவலகத்தின் கொண்டெய்னரில் பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி ஒன்று கிடந்தது. நான் எவ்வளவோ சொன்னேன்.

"எறிஞ்சதுதானே அண்ணை, எடுத்துக்கொண்டு வாங்கோ, கெதியாப் போவம்."

"கேளாமல் எடுத்தாத்தான் களவு. கேட்டு எடுத்தா அன்பளிப்பு."

மணியை அடித்தார். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு டேனிஷ்காரர் வந்தார். இவருக்குத் தெரிந்த டேனிஷ் கொஞ்சம்தான். பெட்டியைக் காட்டினார், தன் நெஞ்சைத் தொட்டார், வீடு என்பதற்குக் கையைக் கூரை மாதிரிக் குவித்தார். அந்த மனிதர் இவரை மேலும் கீழும் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். பிறகு "வெர்ஸ்கோ" என்று, எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இவர் மூடிய கதவுக்கும் "தக்" என்று நன்றி சொன்னார். பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டினார். ரவுண் முழுக்க நான் கொஞ்சம் பின்தங்கியே சைக்கிள் மிதித்தேன்.

பருத்தித்துறைக்காரர்தான் அன்று அவருக்குக் கொண்டெய்னர் அண்ணை என்று பேர் வைத்தது. அவர் கோபிக்கவில்லை. "பேர் நல்லாத்தான் கிடக்கு" என்றார்.

கொம்பியூட்டருக்குள் இருந்த எல்லாவற்றையும் கழற்றி ஒதுக்கிவிட்டு, ஒரு தகரப் பெட்டியை மட்டும் எடுத்து வைத்தார். பின்பக்கம் ஒரு சின்ன விசிறி. முன்பக்கம் கத்தையாக வயர்.

"கொம்பியூட்டர் செத்தாலும் இது சாகேல்லை அண்ணை. இதுதான் அதுக்குச் சோறு குடுத்தது. மஞ்சள் வயரிலை பன்னிரண்டு வோல்ற் வரும், கார்ப் பற்றரி மாதிரி. சிவப்பிலை அஞ்சு. கறுப்பு ரெண்டுக்கும் பொது. தகரத்தை மட்டும் ஒருத்தரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழட்டினாலும் உள்ளுக்குக் கரண்ட் அடி கிடக்கும்."

பழைய கார் உடைக்கிற இடத்தில் கேட்டு ஒரு கார் ரேப் வாங்கி வந்திருந்தார். உடைந்த டிவி ஒன்றிலிருந்து ஸ்பீக்கர். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் பியர்ப் பெட்டி ஒன்றுக்குள் அடக்கினார். நாங்கள் சுற்றி நிற்க, சுவிச்சைப் போட்டார். விசிறி ஒருதரம் துள்ளியது. நின்றுவிட்டது. திரும்பவும் போட்டார். துள்ளியது, நின்றது.

"பழுதெண்டுதானே குப்பையிலை போட்டவன். அவன் என்ன விசரனே?" என்றார் பருத்தித்துறைக்காரர்.

இவர் சில நாள் அதையே பார்த்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் கார் உடைக்கிற இடத்துக்குத் தனியே போய், காரின் பின்பக்கம் எரிகிற பிரேக் பல்ப் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். சிவப்பு வயரிலும் கறுப்பிலும் அதைக் கொழுவினார். சுவிச்சைப் போட்டார். விசிறி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பல்ப் பழுத்த மிளகாய் நிறத்தில் மங்கலாக எரிந்தது. பன்னிரண்டுக்குச் செய்த பல்புக்கு ஐந்துதானே கிடைக்கிறது.

"இதுக்குச் சுமை வேணும் அண்ணை. சும்மா விட்டா வேலை இல்லையெண்டு படுத்திடும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்களை மாதிரி" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. வேலை செய்ய விடாமல், படி தந்து எங்களை வைத்திருந்த காலம் அது.

வெளிச்சமும் தராத அந்த பல்பைக் கழற்றி விடலாமே என்று நான் பின்னொருநாள் கேட்டேன். அவர் பல்பின் வயர் ஒன்றை இழுத்தார். பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. விசிறியும் ஓய்ந்தது. வயரைத் திரும்பக் கொழுவி, சுவிச்சை நிற்பாட்டிப் போட்டபிறகுதான் உயிர் வந்தது.

"கண்டியளே" என்றார்.

அந்த பல்பை அவர் பியர்ப் பெட்டிக்கு மேலே, முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார். "எப்பிடியும் எரியத்தான் வேணும். சாமிக்கு முன்னால எரியட்டும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கட மாதாவையும் கொண்டுவந்து வையுங்கோவன். வெளிச்சம் கிடக்கு, ஏன் வீணாக்குவான்?"

"பியர்ப் பெட்டிக்கு மேலயோ அண்ணை?"

"உள்ளுக்குப் பியர் இல்லைத்தானே. உங்கட மனிசியின்ர குரல்தானே கிடக்கு."

மடு மாதா படத்தைக் கொண்டுபோய் வைத்தேன். என் மனைவியின் குரலை மாதாவுக்கு முன்னால் இருந்து கேட்டபிறகு எனக்கு அழுகையில் அவ்வளவு வெட்கம் இருக்கவில்லை. செபமாலை சொல்கிற நேரத்து அழுகை மாதிரி இருந்தது.

இப்போது அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ரண்டர்ஸ் பக்கம் போனார், பிறகு நாட்டை விட்டே போய்விட்டார் என்று கேள்வி. போகும்போது அந்தத் தகரப் பெட்டியை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு, நாங்கள் கதவைத் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டார். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் எங்கள் யேசு பாலன் குடிலுக்கு அதுதான் வெளிச்சம் கொடுக்கிறது. பிரேக் பல்ப் தொழுவத்தின் கூரைக்குள் எரியும். கடையில் ஒரு அடாப்டர் வாங்கலாம்தானே என்று என் மகன் டேனிஷில் கேட்பான். நான் வயரைக் கொழுவிச் சுவிச்சைப் போடுவேன்.

ஆனால் சொல்ல வந்தது வேறு.

குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட ஒரு அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் பிரெடெரிசியாவிலிருந்து ரெயிலில் வருவார், எப்போதாவதுதான் வருவார். நாங்கள் இரண்டு பேரும் போய்க் குந்தியிருந்தோம். அவர் எனக்கு முன். நேரம் போய்விட்டது, இன்னும் ஒருவரைத்தான் பார்க்கலாம், ரெயிலுக்குப் போகவேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் வந்து சொன்னார்.

"நீங்கள் போங்கோ அண்ணை" என்றார் இவர்.

"உங்கட முறை அண்ணை."

"உங்களுக்கு மூண்டு குஞ்சுகள். எனக்கு ஒண்டுதானே. நான் அடுத்தமுறை வாறன்." சொல்லிக்கொண்டே எழும்பிவிட்டார். நான் ஏதும் சொல்வதற்குள் வெளியே சைக்கிள் நிற்கிற இடத்துக்குப் போய்விட்டார்.

அந்த அடுத்தமுறை வருவதற்குள் மேலே என்ன நடந்ததோ, எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் அசையாமல் கிடக்கத் தொடங்கின. என்னுடையது முன்னால் போய்விட்டது. அவருடையது அகப்பட்டுக்கொண்டது. எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றுதான் இருந்தோம். மந்திரி ஒருவர்தான் எங்கள் விண்ணப்பங்களை நிறுத்திவைத்தார் என்று தெரிந்து, தமிழர் வழக்கு என்று பேப்பரிலும் டிவியிலும் வந்து, விசாரணை நடந்து, ஒரு அரசாங்கமே வீட்டுக்குப் போனதெல்லாம் பிறகு. அந்த நாட்களில் பஸ்ஸில் எதிரே இருப்பவர் பேப்பரை விரித்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். நாங்கள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. என்றாலும் எங்கள் பேர் அடிபடுவது வெட்கமாக இருந்தது.

என் மனைவியும் பிள்ளைகளும் அந்தப் பனிக்காலமே வந்துவிட்டார்கள். ஸ்டேசனுக்கு அவரும் வந்தார். பிளாட்பாரத்தின் அந்தத் தொங்கலில், கடைசி மூலையில் போய் நின்றுகொண்டார். பிள்ளைகள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டார்கள். நான் அவர்களைத் தூக்கும்போது அவர் நின்ற பக்கம் பார்க்க முடியவில்லை. பிறகு வந்து இரண்டு கையிலும் எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அதிலிருந்து எனக்கு வீட்டில் சிரிக்கவும் வெட்கம். இளையவன் என் தோளில் ஏறியிருக்க, வீதியில் அவரைக் கண்டால் பிள்ளையை இறக்கிவிடுவேன். பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த டேனிஷில் முக்கி முக்கிச் சொல்லி முடித்தேன். "இதில் பாவம் எங்கே இருக்கிறது?" என்றார் பாதர். அபராதமாக ஒரு செபம்கூடத் தரவில்லை. வந்த பாரத்தோடேயே திரும்பி வந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அவர் வாசல் தாண்டமாட்டார். என் மனைவி விடமாட்டாள்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோ. வாசல்ல நிக்கிறதுக்கு நீங்களென்ன போஸ்ட்மானே?"

"இல்லைப் பிள்ளை, சப்பாத்து ஈரம்."

"கழட்டிப்போட்டு வாங்கோ."

"மேஸும் ஈரம்."

என் மனைவி தட்டில் சோறு போட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். நின்றுகொண்டே சாப்பிடுவார்.

ஒருதரம் பத்திரிகைக்காரி ஒருத்தி வந்தாள், குடும்பங்களைப் பிரிந்து இருப்பவர்களைப் பற்றி எழுதுவதற்கு. எங்களில் அதிகம் சொல்ல இருந்தது அவருக்குத்தான். அவளுடைய சின்ன ரெக்கோடரில் பற்றரி இறங்கியிருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்து, அதற்கேற்ற மாதிரிக் குறைத்துத் தன் பெட்டியில் கொழுவிக் கொடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "இனிக் கதையுங்கோ" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் கதைத்தது ஒரே ஒரு ஆளோடுதான். அது அவருடைய மகள்.

கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்த பிள்ளை. அவளுக்குக் கசெற் பதிந்து அனுப்புவார். கார் ரேப்பில் பதிய முடியாது. ஆகவே நாடா தின்கிற அந்தப் பழைய ரெக்கோடரை எடுத்து, துடைத்து, பியர்ப் பெட்டியிலிருந்தே கரண்ட் கொடுத்தார். "மற்றவையின்ர கசெற்றை இதுக்குள்ள விடமாட்டன். என்ர குரலைத் திண்டாத் தின்னட்டும்" என்றார். விசிறி பக்கத்தில் ஓடுவதால் அவர் அனுப்பிய எல்லாக் கசெற்றிலும் முதலில் அந்த ஊதுகிற சத்தம் பதியும். பிறகுதான் அவர் குரல் வரும்.

என்ன கதைப்பார் என்றால், தாராவைப் பற்றி. ஹோர்சன்ஸ் கடலோரத்தில் ஒரு தாரா வாத்து இருக்கிறதாம், தினமும் அவரிடம் வந்து முறைப்பாடு சொல்லுமாம். ஐஸ் வழுக்குது என்னுமாம். டேனிஷ்காரர் பிய்த்துப் போடுகிற பாண் துண்டில் உறைப்பு இல்லை என்னுமாம். தாராவுக்குத் தனிக் குரல், மூக்கால். கதை முடிவில் தாரா ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்கும். "உங்கட மகள் எப்ப வருவா?" அவர் தன் குரலில் பதில் சொல்வார். "ஐஸ் உருகட்டும் எண்டு சொன்னன்."

சுவருக்கு அந்தப் பக்கம் பருத்தித்துறைக்காரர் கேட்டுக்கொண்டிருப்பார். "என்ன கொண்டெய்னர் அண்ணை, தாரா இண்டைக்கு என்னவாம்?" என்று பகிடி விடுவார். ஆனால் கடைசிக் கேள்வி வரும் நேரத்தில் அவரும் சத்தம் போடமாட்டார்.

ஐஸ் உருகியது, திரும்ப உறைந்தது, திரும்ப உருகியது. அவருடைய விண்ணப்பம் அசையவில்லை.

ஒருவழியாக ஆண்டவர் கண் திறந்தார். குடும்பத்தைக் கூப்பிட அனுமதிக் கடிதம் வந்தது. கொம்யூன் என்கிற நகரசபை அவருக்குச் சின்னதாக ஒரு ஃப்ளாட் கொடுத்தது. பியர்ப் பெட்டி, பல்ப், முருகன் எல்லாவற்றையும் நான்தான் சைக்கிளில் ஏற்றி இறக்கினேன். அன்று நான் பின்தங்கவில்லை.

ஸ்டேசனில் இந்தமுறை நான் அந்தத் தொங்கலில் நின்றேன். என் மனைவி கோட்டுகளோடு அவர் பக்கத்தில் நின்றாள். ரெயில் வந்தது. அவருடைய மனைவி இறங்கினார், மெலிந்துபோன ஒரு பெண். அவரின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. சிறுமியின் தோளில் ஒரு துணிப்பை. அண்ணை குனிந்து கையை நீட்டினார். பிள்ளை தாயின் பின்னால் போய்விட்டது.

"அப்பா, பிள்ளை. இவர்தான் அப்பா" என்றார் தாய்.

பிள்ளை பையை இறுக்கிக்கொண்டது. அவர் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

ஃப்ளாட்டில் என் மனைவி சமைத்து வைத்திருந்தாள். யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அவர் பிள்ளையின் தட்டில் ஒரு மீன் துண்டு வைத்தார். பிள்ளை அதைத் தொடவில்லை. புருசனும் மனைவியும்கூட வேற்று ஆட்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பாராமல், "பயணம் எப்பிடி", "பரவாயில்லை" என்று கதைத்தார்கள். நானும் என் மனைவியும் எழும்பிப் போகவும் வழியில்லாமல், இருக்கவும் முடியாமல் இருந்தோம்.

அப்போது பிள்ளை துணிப்பையைத் திறந்து ஒரு கசெற்றை எடுத்தது. அட்டை தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. பியர்ப் பெட்டியைக் கண்டு, அது என்னவென்று எப்படியோ விளங்கி, அவரிடம் நீட்டியது.

"மாமா, அப்பாவைப் போடுங்கோ."

நான் என் தட்டைப் பார்த்தேன். என் மனைவி தன் தட்டைப் பார்த்தாள். அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கசெற்றைப் பிள்ளையிடமிருந்து வாங்கி நானே போட்டால் என்ன என்று தோன்றியது. அதுவும் கூடாது என்றும் தோன்றியது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெட்கம்.

அவர் வாங்கினார். சுவிச்சைப் போட்டார். விசிறி ஊதத் தொடங்கியதும் பிள்ளை நிமிர்ந்து இருந்தது. அந்தச் சத்தம் வந்தால் அடுத்தது அப்பா என்று அதற்குத் தெரியும். கசெற்றை உள்ளே தள்ளினார். பொத்தானை அழுத்தினார். குரல் சரியாக வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். வந்ததும் எழும்பினார்.

"நான் உதில நிக்கிறன்" என்றார்.

வெளியே, கோட்டுக் கொழுவுகிற நடைக்குப் போய்விட்டார். தன் வீட்டில், தன் குரலை விட்டே எழும்பிப் போனார்.

பிள்ளை பெட்டிக்கு முன்னால் சம்மாணம் போட்டு இருந்து, தாரா சொல்வதை வாயசைத்துத் தானும் சொன்னது. ஒரு சொல் பிசகவில்லை. தாய்க்கு இருக்க முடியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போல எழும்பினார். சாமி மூலையைக் கண்டார். முருகனுக்கு முன்னால் தூசி படிந்த கார் பல்ப் ஒன்று எரிகிறது.

"இதென்ன கோலம்" என்று மெல்லச் சொன்னார். ஊரிலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த சின்னப் பித்தளை விளக்கை எடுத்தார். புது வீட்டில் முதல் வேலை விளக்கு ஏற்றுவதுதானே. அதை வைக்க இடம் வேண்டும். பல்பைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளினார். வயர் கழன்றது.

"உங்கட மகள் எப்ப வருவா?" என்று தாரா கேட்டு முடித்த நேரம் அது.

விசிறி ஓய்ந்தது. குரல் இல்லை.

பிள்ளை பெட்டியைப் பார்த்தது. தட்டிப் பார்த்தது. "தாரா கேட்டிட்டுது" என்றது. "அப்பா சொல்லேல்லை." உதடு பிதுங்கத் தொடங்கியது.

எனக்குத் தெரியும் வயரைக் கொழுவ. எழும்பினேன்தான். அதற்குள் நடையிலிருந்து, கோட்டுகளுக்கு நடுவிலிருந்து, அதே குரலில் பதில் வந்தது.

"ஐஸ் உருகட்டும் எண்டு சொன்னன்."

பிள்ளை பெட்டியைப் பார்த்தது. கதவைப் பார்த்தது. திரும்பவும் பெட்டியைப் பார்த்தது. எழும்பி, மெதுமெதுவாகக் கதவடிக்குப் போய் எட்டிப் பார்த்தது. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். மேஸோடு.

"மாமா, நீங்கள் அப்பா மாதிரிக் கதைக்கிறியள்" என்றது.

அவர் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"தாரா மாதிரிக் கதையுங்கோ பாப்பம்."

நான் என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும். முகத்தைப் பாராமல், கோட்டைக்கூட எடுக்காமல் தாண்டிப் போனோம். கதவை மெல்லச் சாத்தினேன். படிக்கட்டில் குளிர் எலும்பில் ஏறியது.

"என்னப்பா இது, அங்க அதுகள் அப்பிடி இருக்கேக்கை எழும்பி வந்திட்டியள்" என்றாள் என் மனைவி.

"அதுகள் கதைக்கட்டும். எங்களுக்கு அங்க என்ன அலுவல்?" என்றேன்.

அவளும் நானும் கைகளைக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றோம். மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கினேன், முடிக்கவில்லை. உள்ளே விசிறிச் சத்தம் இல்லை. தாரா மட்டும் கதைத்துக்கொண்டிருந்தது.